தட்டிவிடாத பலகை

என் தங்கையின் கால் உடைகிற காட்சியை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்காரர் பாடம் நடத்துகிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் வற்றி மூடிப்போட்ட ஒரு நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரை ஒன்று இருக்கிறது. விடுமுறை நாளில், சக்கரம் வைத்த பலகையில் ஏறித் தாவுகிற ஸ்கேட்போர்டுக்காரர்கள் எல்லாம் அங்கேதான் கூடுவார்கள். புதிதாக வருகிறவர்களை வரிசையாக உட்காரவைத்து, மாப்பிள்ளை மடிக்கணினியைத் திறப்பார். திரையில் என் தங்கை படிக்கட்டுக்கு மேலே பறந்து வருவாள். காலடியில் பலகை லேசாகக் கோணிக்கொள்ளும். கீழே இறங்குவாள். பலகை முறிகிற சத்தம் கேட்கும், அதோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் கேட்கும். அங்கே நிறுத்திவிட்டு, "பாத்தீங்களா? இந்த இடத்துல பலகையைத் தட்டிவிட்டிருக்கணும். தட்டிவிடல. அதான் இப்படி" என்பார். அவள் அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு, யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மடிக்கணினியைப் பிடுங்கிக் குளத்துக்குள் வீசக் கை பரபரக்கும். என் தங்கையைக் குறை சொல்கிறார் என்பது மட்டும் காரணம் இல்லை. அவர் சொல்வது நம்பும்படியாக இல்லை. பலகையைத் தட்டிவிடுவதில் அவளை மிஞ்ச அந்தக் கூட்டத்தில் ஆள் கிடையாது. அவளுக்குப் பூனை என்று பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு மட்டும் ஏன் தட்டிவிடவில்லை?

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டைத் தாண்டுகிறவர்கள் பலகையின் வாலை ஓங்கி மிதித்து எழும்புவார்கள். பலகையும் காலோடு ஒட்டிக்கொண்டு எழும்பும். மேலே இருக்கிற நேரம் கண்ணிமைக்கிற நேரம்தான். அதற்குள் இரண்டு பாதமும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் மேலே, போல்ட் இருக்கிற இடத்தில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பிழைத்தார்கள். பாதம் நடுவில் விழுந்தால் பலகை இரண்டாகும், கணுக்காலும் அதோடு போகும். சரியாக வராது என்று காற்றிலேயே தெரிந்துவிட்டால், ஒரு காலால் பலகையை விலக்கித் தட்டிவிட்டு, பலகை இல்லாமல் இறங்கி, முட்டியை மடித்து உருண்டுவிட வேண்டும். இதுதான் அவர்களுடைய முதல் பாடம். பலகை எங்கே போனாலும் போகட்டும், உன் காலைப் பார் என்பார்கள்.

என் தங்கை இதைச் செய்யும்போது பார்க்க வேண்டும். பலகை ஒரு பக்கம் பறக்கும், அவள் ஒரு பக்கம் இறங்கி, தோளில் உருண்டு, உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்பாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அவளோ, பல்லைக் காட்டிக்கொண்டு பலகையைத் தேடிப் போவாள்.

அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான். நான் ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். விளக்கடியில் சட்டையை விரித்து, விட்டுப்போன தையலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிற வேலை. அவள் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பிலிருந்து வரும் தட்டுகளை இழுத்து அடுக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். விடியும் முன்னே போய், மதியம் வரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நின்று நின்று கால் வீங்கி வருகிறவள் மாலையில் படுத்துத் தூங்குவாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கல்யாண வயதில் இருக்கிற பெண் சாமான் வண்டிக்குச் சக்கரம் போனதுபோல் தெருவெல்லாம் கடகடவென்று போகிறாளே என்று திட்டிப் பார்த்தேன். என் பாச்சா பலிக்கவில்லை. ஒரு கட்டத்தில் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டேன்.

பலகைக்கு என்னென்ன ஆகும் என்பது அவளுக்கு அத்துப்படி. மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டியது அது. ஒவ்வொரு முறை படியிலிருந்து இறங்கும்போதும் அந்தப் பசை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். போல்ட்டைச் சுற்றி முடி மாதிரிக் கீறல் விழும். மேலே உப்புத்தாள் மாதிரி ஒன்றை ஒட்டியிருப்பதால் கீறல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவள் பலகையின் வாலைத் தரையில் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பாள். நல்ல பலகை கணீரென்று சொல்லும். கீறல் விழுந்த பலகை தொண்டை கட்டியதுபோல் பேசும். "இது செத்துப்போச்சுக்கா" என்று சொல்லி மூலையில் வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு அதைத் தொடமாட்டாள்.

அந்த அக்கறையில் கால்வாசியை உடம்பின்மேல் வைத்திருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன். குதிகால் கன்றிப்போய் நாள்கணக்கில் நுனிக்காலில் நடந்திருக்கிறாள். மணிக்கட்டு பிசகி இடது கையால் தட்டு இழுத்திருக்கிறாள். இறங்குகிற அதிர்ச்சி பாதத்தோடு நிற்பதில்லை, முழங்கால், இடுப்பு, முதுகு என்று ஏணிபோல் ஏறும். ஒருமுறை நாக்கைக் கடித்துக்கொண்டு வந்து, பேசாமல் இருக்கிறாளே, திருந்திவிட்டாள் என்று என்னைச் சந்தோஷப்பட வைத்தாள். குளிர்சாதனப் பெட்டியில் எப்போதும் ஒரு பட்டாணிப் பொட்டலம் இருக்கும், வீங்கின இடத்தில் வைக்க. எங்கள் வீட்டில் பட்டாணி சமைத்து நான் பார்த்ததே இல்லை. எலும்பு மருத்துவர் அவளுடைய குதிகாலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்தியபோது அவள் முகம் வெளுத்தது. உள்ளே மெல்லிய கீறல் என்றார். தட்டிப் பார்க்கத் தெரிந்தவள் தன் காலைத் தட்டிப் பார்க்கவில்லையே என்று நான் கேட்டதற்கு, "பலகைன்னா மாத்திக்கலாம். கால் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சு என்ன பண்றது?" என்றாள். ஆத்திரத்தில் நான் பாத்திரத்தை நங்கென்று வைத்தது நினைவிருக்கிறது.

மாப்பிள்ளை வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். கைப்பேசி பழுது பார்க்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார். மாலையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்துவிடுவார். பலகை மேல் ஏறி நின்றால் அவருக்குக் கால் உதறும், ஆனால் பலகைக்காரர்களைப் படம் பிடிப்பதில் கெட்டிக்காரர். என் தங்கை பறப்பதை எடுத்தார், விழுவதை எடுத்தார், கடைசியில் அவளையே கட்டிக்கொண்டார். குறை சொல்ல முடியாத மனிதர். அவள் காலில் கட்டுப் போடுவது, பட்டாணிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். குளத்தங்கரையில் அவள் அவரை வா போ என்பாள். வீட்டில், என் எதிரில் மட்டும், வாங்க போங்க. அந்த மரியாதை எனக்காகப் போடுகிற வேஷம் என்பது எனக்கும் தெரியும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லென்ஸ் கிட்டே போகப் போகத்தான் படிக்கட்டு உயரமாகத் தெரியும். அதனால் படிக்கட்டின் அடியிலேயே, இறங்கப்போகிற இடத்துக்கு எதிரில், தரையோடு தரையாகக் குந்திக்கொண்டு எடுப்பார்கள். கண் முழுக்க அந்தச் சின்னத் திரையில்தான். தங்களுக்கு ஒரு தலை இருப்பதே அப்போது அவர்களுக்கு நினைவிருக்காது.

அவள் வெகுநாளாகக் கண் வைத்திருந்த படிக்கட்டு ஒன்று இருந்தது. மூடிப்போன ஒரு அலுவலகத்தின் வாசல். அந்தப் படியைப் பெண்கள் யாரும் தாண்டியதில்லை. அதைத் தாண்டிவிட்டால் பெரிய படிகளை விட்டுவிடுகிறேன், குதிகாலும் கெஞ்சுகிறது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் நம்பினேன். அன்று மதியம் நான் ஒரு சட்டையின் காலரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் பேசவில்லை. பின்னால் அவள் கத்துவது மட்டும் கேட்டது. எத்தனையோ முறை அவள் விழுந்து பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட அவள் கத்திக் கேட்டதில்லை.

மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தார்கள். அறுத்தெடுத்த ஒரு காலணியும், பலகையின் இரண்டு துண்டுகளும் இருந்தன. புதுப்பலகை, கீறல் இல்லாதது. சரியாக நடுவில் முறிந்து, உள்ளே இருந்த மரம் வெள்ளையாகப் பிளந்து நின்றது. ஒற்றைக் கால் நடுவில் இறங்கியிருக்கிறது. பலகை முறிந்து பாதத்தை மேல்நோக்கி மடக்கியதில், கணுக்காலுக்குள் இருக்கிற எலும்பு உடைந்துவிட்டது. மருத்துவர் திருகாணி போட்டார். அந்த எலும்புக்கு ரத்தம் போகிற வழியே குறைவு, அந்த வழியும் அறுந்திருந்தால் எலும்பு பிழைக்காது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

பொறுத்துப் பார்த்தோம். மாதக்கணக்கில் அவள் அந்தக் காலைத் தரையில் வைக்கவில்லை. எலும்பு செத்துத்தான் போயிற்று. மறுபடி அறுத்து, கணுக்காலை அசையாதபடி ஒன்றாக இணைத்துவிட்டார்கள். நடக்கலாம். மாடிப்படி ஏறலாம், பக்கவாட்டில் திரும்பி நின்று இறங்கலாம். ஆனால் குந்த முடியாது, நுனிக்காலில் நிற்க முடியாது, ஓட முடியாது. பலகையில் ஏறுவதைப் பற்றி அவள் மருத்துவரிடம் கேட்கவே இல்லை. ரொட்டித் தொழிற்சாலையில் நல்லவர்கள், உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிற வேலை கொடுத்தார்கள். ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். தட்டு இழுக்கிற பெண்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள், இவள் தலை மட்டும் தாழ்வாகத் தெரிந்தது. வாசல் வரைக்கும் அழாமல் வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை பாடம் நடத்த ஆரம்பித்தது இரண்டு அறுவை சிகிச்சைக்கும் நடுவில், நாங்கள் பொறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களிலேயே. வீட்டிலும் அதே பேச்சு. சோற்றில் கை வைத்தபடியே, "ஒரு தட்டு தட்டியிருந்தா போதும்ல" என்பார். அவள் "ஆமா, மறந்துட்டேன்" என்பாள். மறந்தாளாம். மூச்சு விட மறந்தேன் என்று சொன்னாலும் நான் நம்பியிருப்பேன்.

இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு பகலில் அவர் கடைக்குப் போயிருந்தார். தன் பழைய தாண்டல்களைத் தொலைக்காட்சியில் போடச் சொன்னாள். போட்டேன். பார்த்துக்கொண்டே மாத்திரை மயக்கத்தில் தூங்கிவிட்டாள். ஒவ்வொன்றாக ஓடி, கடைசியில் அந்தப் படம் தானாக வந்தது. நிறுத்தப் போன கை நின்றுவிட்டது. நான் குளத்தங்கரையில் பார்த்ததைவிட இது நீளம். தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. படி வெறுமையாகத் தெரிகிறது. மேலிருந்து, ஆள் தெரியாமல், அவள் குரல் மட்டும் வருகிறது. "தள்ளி நில்லு." கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் சிரிக்கிறார். "வா, வா. நான் பாத்துக்கறேன்." படம் தள்ளிப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்கிறது.

நான் அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். விட்டுப்போன தையலைத் தேடுகிற கண் எனக்கு. பலகை கோணிக்கொள்கிறது. பின்கால் பலகையை விட்டு விலகிவிட்டது. முன்கால் மட்டும் மேலே இருக்கிறது. அந்தக் கால் தட்டிவிடத் தொடங்குகிறது. பாதம் நீள்கிறது, பலகையின் மூக்கு நேராக என்னைப் பார்த்துத் திரும்புகிறது. அப்போது அவள் கண் கீழே பார்க்கிறது. பாதத்தைத் திரும்ப இழுத்துக்கொள்கிறாள். பலகையை விடாமல் அதன் மேலேயே அமுக்கிக்கொண்டு இறங்குகிறாள். என்னைப் பார்த்து என்று சொன்னேனே, அது லென்ஸைப் பார்த்து. லென்ஸுக்குப் பின்னால் இருந்தது ஒரு மனிதனின் முகம்.

அவள் கண் விழித்தபோது தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்பக்கமாகத் தட்டியிருக்கலாமே என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. முன்கால் மட்டும் இருந்தால் பலகை முன்னால்தான் போகும் என்று பொறுமையாக விளக்கினாள், ஏதோ நான் கற்றுக்கொள்ள வந்தவள்போல். அவர் தலையைத் தூக்கியிருந்தால்கூடப் போதும், தூக்கவே இல்லை என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட சொல்லாதக்கா. தெரிஞ்சா அப்புறம் கேமராவைத் தொடவே மாட்டாரு. எனக்குப் போனது போச்சு. அவருக்கும் போகணுமா?"

"அவரு உன்னை ஊர் முன்னாடி வெச்சுப் பேசுறாரே, அதுக்கு?"

"பேசட்டும். பேசுற வரைக்கும் தெரியலைன்னு அர்த்தம்ல."

சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொடுத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் ஒன்று மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. குளத்தங்கரையில் காட்டுகிற படத்தில் அந்தத் தொடக்கம் இல்லை. படம் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாது.

கைப்பேசியின் கண்ணாடி போய்விட்டது என்று சாக்கு வைத்துக்கொண்டு அவருடைய கடைக்குப் போனேன். அவர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு சின்னத் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். சத்தியம் செய்ததை மீறக் கூடாது, ஆகவே அவளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அந்தப் படத்துல மொதல்ல கொஞ்சம் இருக்குமே மாப்பிள்ளை. அதை ஏன் வெட்டினீங்க?"

திருகாணி மேசையில் விழுந்து உருண்டது. அவர் அதைத் தேடவில்லை. பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார். அந்தக் கண் மட்டும் பெரிதாக, ஈரமாகத் தெரிந்தது.

"அவகிட்ட சொல்லிட்டீங்களாக்கா, எனக்குத் தெரியும்னு?"

இல்லை என்று தலையாட்டினேன். மருத்துவமனை வாசலில் காத்திருந்தபோதே போட்டுப் பார்த்துவிட்டாராம். அன்றைக்கே தெரியுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெரிந்தும் அவள்மேல் பழியைப் போட்டு, அவளையே எதிரில் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறீர்களே, நீங்கள் எல்லாம் மனிதனா என்று கடை என்றும் பாராமல் கத்திவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"நான் பொய் சொல்லலக்கா. தட்டிவிட்டிருக்கணும். என் மூஞ்சி என்ன பெரிய மூஞ்சி. மூக்கு உடைஞ்சிருக்கும், பல்லு போயிருக்கும், ஒரு கண்ணு போயிருந்தாலும் இன்னொண்ணு இருக்கு." பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "ஒவ்வொரு தடவை போடும்போதும், இந்தத் தடவை தட்டிவிட்டுருவான்னு பாக்குறேன். விடமாட்டேங்குறா."

என்னிடமிருந்து கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கீழே குனிந்து அந்தத் திருகாணியைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தேன். தனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிட வேண்டாம், தெரிந்தால் அவள் செய்தது வீணாகிவிடும் என்றார். அவரிடமும் சத்தியம் செய்து கொடுத்தேன். இரண்டு பேரும் ஒன்றையே ஒருவருக்கொருவர் ஒளித்துவைத்துக்கொண்டு, நடுவில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போக நான் போயிருந்தேன். அவர்கள் இருப்பது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, நல்ல காலை முதலில் இறக்கப் போனாள். அது தப்பு, இணைத்த கால்தான் முதலில் இறங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பழக்கம் போகவில்லை. திருத்திக்கொண்டு இறங்கினாள். ஒரு காலத்தில் இந்தப் படிக்கட்டு அவளுக்கு ஒரு பொருட்டாகவா இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே அவள் பின்னால் நான் இறங்கினேன்.

மாப்பிள்ளை அவளுக்குக் கீழே, அவளைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் விரித்திருந்தன. கையில் கேமரா இல்லை, அவர் அதைத் தொட்டு வெகுநாளாகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கால் ஒரு படியில் லேசாக வழுக்கியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துச் சமாளித்துக்கொண்டாள். அவர் பின்வாங்கவில்லை, ஒரு படி மேலே ஏறி, அவள் விழுந்தால் நேராகத் தன் முகத்தின்மேல் விழுகிறபடி வந்து நின்றார்.

நான் பின்னால் நிற்பதை அவள் மறந்துவிட்டாள்.

"தள்ளி நில்லு" என்றாள்.

அவர் அசையவில்லை. அவளும் அடுத்த படியில் காலை வைக்காமல் நின்றாள்.